நார்ச்சத்தும் நாம் வெளியே சொல்லாத வருத்தமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட சுகாதார உரை)



நூற்றாண்டு விழா மேடையில் மலச்சிக்கலைப் பற்றிப் பேசலாமா என்று விழாக் குழுவில் ஒருவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறோம்.

நாங்கள் படித்த காலத்தில் பாடசாலை விடும்வரை தண்ணீர் குடிக்கமாட்டோம். குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கிணற்றுத் தண்ணீர் சவர் என்பது வெளியே சொல்லும் சாட்டு. காலையில் பாணும் சீனிச் சம்பலும், இடைவேளையில் பணிஸ். இப்படி அடக்கிப் பழகிய அதே வயதுப் பெண்கள் இன்று கிளினிக்குக்கு வருகிறார்கள். சீனி வருத்தம், இடுப்பு நோ எல்லாம் சொல்வார்கள். "நாலு நாளாகப் போகவில்லை டொக்டர்" என்பது மட்டும் எழுந்து கதவடிக்குப் போன பிறகுதான் வரும்.

உகண்டாவில் வேலை செய்த டெனிஸ் பேர்கிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணருக்கு இந்த வெட்கம் இருக்கவில்லை. அவரும் கூட்டாளிகளும் மலத்தை நிறுத்தே பார்த்தார்கள். 1972இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, உண்டது வெளியேற உகண்டாக் கிராமத்தவருக்கு ஒன்றரை நாள் போதும். பிரித்தானியக் கடற்படையினருக்கு மூன்று நாளுக்கு மேல். கிராமத்தவர் உணவில் நார் நிறைய இருந்தது. நாரை நம் குடல் செரிப்பதில்லை. அது தண்ணீரைப் பிடித்து மலத்தை இளக்குகிறது. ஒருவகை நார் பசைபோலாகி, சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. பெருங்குடலிலுள்ள பக்றீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்துத் தரும் அமிலங்கள்தான் அக்குடற்சுவரின் உணவு.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் வெள்ளைப் பாணில் இரண்டு மூன்று கிராம்தான் இருக்கிறது. அதே அளவு குரக்கன் மாவில் சுமார் 11 கிராம், அவிக்காத பயறில் 16 கிராம். உம்மம்மாவும் அம்மம்மாவும் தந்த குரக்கன் பிட்டும், தவிடு போகாத சிவப்பரிசிச் சோறும், முருங்கையிலைச் சுண்டலும் கணக்குப் பார்க்காமலே அந்த 25ஐத் தொட்டிருக்கும். தென்னை சூழ்ந்த ஊர் நமது. தேங்காய்ப்பூ 100 கிராமில் 9 கிராம் நார். ஆனால் பாலைப் பிழிந்து கறிக்கு விட்டுச் சக்கையைக் கோழிக்குப் போடுகிறோம். நார் இருப்பது சக்கையில்தான். (நம் கோழிகளுக்கு மலச்சிக்கல் இல்லை.) கற்பிட்டி மணலில் விளையும் மரக்கறியோ லொறியேறி வெளியூருக்குப் போகிறது.

நாளைக்கே ஒரு சட்டி கடலையை அவித்துச் சாப்பிடாதீர்கள், வயிறு ஊதும். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்தே கூட்டுங்கள். தண்ணீரில்லாமல் நாரை மட்டும் கூட்டினால் இறுக்கம் அதிகமாகும். சிறுநீரக வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, மலத்தோடு இரத்தம் போவதை மூலம் என்று நினைத்து இரண்டு வருடம் கைமருந்து செய்தாள். ஒரே மேசையில் இருந்து படித்த, பிறகு டொக்டர்களான எங்களிடம்கூடச் சொல்லவில்லை. மஹரகமைக்குப் போனபோது பெருங்குடல் புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. இன்று அவள் இந்த மண்டபத்தில் இல்லை. நார் சாப்பிட்டால் அந்த நோய் வராது என்று சொல்லமாட்டோம். வரும் வாய்ப்புக் குறையும், அவ்வளவுதான். ஆனால் இரத்தம் கண்டாலோ, மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலோ, மூலம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். பெண் டொக்டர் வேண்டுமென்றால் கேளுங்கள், தேடித் தருவோம்.

வாசல் மேசையில் ஒரு பட்டியல் இருக்கிறது: கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள், குடிநீர் வடிகட்டி, சிற்றுண்டிச்சாலையில் வாரத்தில் இரண்டு நாள் அவித்த கடலையோ பயறோ. எங்கள் வகுப்பு தாழ்ப்பாள்களுக்குப் பெயர் எழுதிவிட்டது. மற்ற இரண்டுக்கும் இடம் காலியாக இருக்கிறது.