கிரகணத்தன்று மரநிழலில்



கிரகணம் என்றதும் நம்மவர் வானத்தை அண்ணாந்து நோக்குவர். அன்றேல் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டினுள் அமர்வர். இன்று நாம் பேச விழைவதோ, இவ்விரண்டிலும் சேராத முற்றத்து மரநிழலைப் பற்றி.

2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காலை நிகழ்ந்த கங்கண கிரகணம் நம்மில் பலர்க்கு நினைவிருக்கும். ஏறக்குறைய 8 மணிக்குத் தொடங்கி, 11 மணிக்குச் சற்றுப் பின்னர் அது முடிந்தது. செறுவத்தூர், வயநாடு, உதகை, கோவை என நீண்ட அதன் பாதையில் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி மலையும் அடங்கிற்று. அங்கே கதிரவன் சிறிது நேரம் பொன் வளையலாய் நின்றான். இடுக்கியில் வளையம் கூடவில்லை; பிறை மட்டுமே. ஆயினும், மண்ணில் விழுந்த காட்சிக்கு ஈரிடத்தும் குறைவில்லை.

பலா மரத்தடியில் நாள்தோறும் விழும் ஒளிப்பொட்டுகளை எண்ணிப் பாருங்கள். இலைகளுக்கிடையே உள்ள சந்துகள் கோணல்மாணலானவை, பொட்டுகளோ வட்டமானவை. இது ஏன் என்னும் வினா அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூலிலேயே எழுப்பப்பட்டுள்ளது. ஒவ்வொரு பொட்டும் கதிரவனின் உருவமே என்பதுதான் விடை. சிறு துளை வழியே புகும் ஒளி அவன் படத்தைத் தலைகீழாகத் தரையில் தீட்டுகிறது. வெயில் உச்சியில் நிற்க, 10 மீட்டர் உயரத்துச் சந்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் அகலப் படத்தைத் தரும். கதிரவன் பிறையானால் மரத்தடியெங்கும் பிறைகள், வளையமானால் வளையங்கள்! மரம் இல்லாதார்க்கு அடுக்களைச் சல்லடை போதும்.

அன்று இன்னொரு நுட்பமும் இருந்தது. 9½ மணியளவில் கதிரவன் அடிவானத்திலிருந்து சுமார் 36 பாகை உயரத்திலேயே இருந்தான். ஒளி சரிந்து விழுந்தமையால், தரையில் வளையங்கள் அகலத்தைப்போல் 1.7 மடங்கு நீண்டு முட்டை வடிவாயின. வெள்ளை அட்டையொன்றைக் கதிரவனுக்கு நேர்முகமாகச் சாய்த்துப் பிடித்தால் அவையே வட்டமாகும்.

பிறை மெலியும்போது நிழல்களும் மாறும். விரலைப் பிறையின் நீளவாக்கில் பிடித்தால் அதன் நிழலின் ஓரம் கத்திபோல் கூர்மையாகும். குறுக்கே திருப்பினால் மங்கும். இருள் மட்டும் கவியாது. அன்று சந்திரன் கதிரவனின் விட்டத்தில் ஏறக்குறைய 97 விழுக்காட்டையே மறைத்தான். எஞ்சிய மெல்லிய வளையமே பகலைக் காக்கப் போதுமானது. வெயில் வெளிறும், அவ்வளவே.

அவ்வளையத்தை ஒரு நொடியும் வெறுங்கண்ணால் நோக்கலாகாது. விழித்திரை சுடும்போது வலி தெரியாது என்பதே இதிலுள்ள பெருங்கேடு. மஞ்சள் நீர்த் தட்டில் கதிரவனைப் பார்க்கும் பழைய வழக்கமும் காப்பன்று. (தட்டில் உலக்கையை நிறுத்திக் காட்டும் வேடிக்கையால் தீங்கில்லை, அடி தட்டையான உலக்கை எந்நாளும் நிற்கும்.) குழந்தைகளை அறைக்குள் அடைத்து வைப்பதே நமக்கு உறுத்துகிறது. கதிரவனுக்கு முதுகைக் காட்டி மண்ணை நோக்கும் பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டா.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அடுத்த கங்கண கிரகணம் குமுளி, பீர்மேடு வழியே தேனி, மதுரைக்குச் செல்லும். அதுவும் நண்பகலை ஒட்டி! கதிரவன் ஏறக்குறைய உச்சியில் நிற்பானாதலால், ஏலத்தோட்டத்து நிழல்மரங்களின் கீழ் இம்முறை வளையங்கள் வட்டமாகவே விழும். மே மாதத்து மழைமேகம் மட்டும் வழிவிட வேண்டும்.