பஞ்சத்துக்குச் சாட்சி சொன்ன காமிரா

(தஞ்சை வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நெல்லை விளைவிக்கும் கை ஒரு படி நெல்லுக்கு ஏங்குவது எப்படியிருக்கும் என்று இந்தக் காவிரிக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, 1943-ல் வங்காளத்து வயற்காட்டில் நடந்ததைப் படம் பிடித்த சுனில் ஜானாவைப் பற்றி இங்கே பேசுவதே பொருத்தம் என்று கருதுகிறோம்.

ஜானா 1918-ல் அஸ்ஸாமில் பிறந்தார்; கல்கத்தாவில் வளர்ந்தார். ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவரைக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷி பஞ்சக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார். படிப்பு நின்றது, காமிராவே தொழிலாயிற்று.

அந்தப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர். இயற்கை மட்டுமா காரணம்? 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று வெள்ளையர் சர்க்கார் ஏழைகளின் படகுகளைப் பறித்தது. பதுக்கல்காரர்கள் நெல்லை முடக்கினர். விலை ஏறியது, கூலி ஏறவில்லை. நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் கூட்டங்கூட்டமாகச் செத்தனர்.

சர்க்காரோ பஞ்சம் என்று அறிவிக்கவே மறுத்தது. ஜானாவின் படங்கள் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' வார இதழில் வெளிவந்தன. அஞ்சல் அட்டைகளாகவும் அச்சாகி நிவாரண நிதி திரட்டின. மறுத்தவர் வாயைப் படம் அடைத்தது.

அது பிலிம் சுருளின் காலம். ஒரு சுருளில் பன்னிரண்டு படம் மட்டுமே விழும் காமிராக்கள் உண்டு. படம் விழுந்ததா என்பது இருட்டறையில் மருந்தில் கழுவிய பிறகே தெரியும். பின்பு உலோகத் தகட்டில் பிளாக் செய்து அச்சேற்ற வேண்டும். அதைவிடக் கடினம் ஒன்று: பசித்தவனுக்குச் சோறு போட முடியாமல் அவன் எதிரே காமிராவுடன் நிற்பது. அந்த வேதனையைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அவர் ஓயவில்லை. சுரங்கத் தொழிலாளர், உருக்காலைத் தொழிலாளர், ஆதிவாசிகள் என்று உழைப்பவர் முகங்களைத் தேடித் தேடி எடுத்தார். 2012-ல் அமெரிக்காவில் காலமானார்.

தோழர்களே! 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் எரிந்துபோன 44 பேரில், உயிரோடிருந்தபோது படம் எடுத்துக்கொண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஏழையின் முகம் எளிதில் அழிந்துபோகிறது. ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கூட்டத்தின் படமோ, நடவுக் களத்தின் படமோ இருந்தால், இன்றே எடுத்துப் பின்புறம் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். நாளை யாராவது நடக்கவே இல்லை என்றால், அந்தப் படம் பேசும்.