காடு கழனியான கதை

(மதுரை சிம்மக்கல்லில் நடந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவின் தொடக்கம் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். உலகுக்கே ஏர் கொடுத்தவன் தமிழன் என்று முழங்கினால் கைத்தட்டல் எளிதிற் கிடைக்கும். நான் முழங்கப் போவதில்லை. மாற்றான் ஒரு சான்று கேட்டால் வாய்மூடி நிற்க நேரும். கோதுமையை மேலையாசியாவில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகட்கு முன்னரே விளைத்தனர். நெல்லைச் சீனத்து யாங்சி ஆற்றங்கரையினர் பயிரிட்டனர். இவற்றை மறுப்பதால் நமக்கு ஏற்றம் வாராது.

நமக்குரியது வேறு. அது கொள்ளும் பாசிப்பயறும்! கன்னட, ஆந்திர மேட்டு நிலங்களிலே சாம்பல் மேடுகள் உள. கி.மு. 3000 அளவில் தொடங்கி ஆநிரை காத்தோர் தொழுவங்களிற் சாணத்தைக் குவித்து எரித்ததால் எழுந்த மேடுகள் அவை. அம்மக்களின் குடியிருப்புகளிலே கொள்ளும் பாசிப்பயறும் சிறுகூலங்களும் கரிந்த மணிகளாகக் கிட்டின. நம் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தபோது, வழவழப்பாக்கிய கற்கோடரிகளோடு அவ்விரு பயறுகளும் வெளிப்பட்டன. இவற்றின் காட்டினம் தென்னாட்டுப் புதர்க்காடுகளிலே தானே படர்ந்தது. இதனை எவரும் நமக்கு ஈந்திலர்.

முதலில் ஆநிரை, பின்பே விளைச்சல் என்னும் இவ்வரிசையை நோக்குமின்! மாடு என்னும் சொல்லே செல்வத்தையும் குறிப்பது வீணன்று. நெல் பிந்தியே வந்தது. சிவகளைத் தாழியின் நெல்லுக்குக் கி.மு. 1155 என 2021இல் காலங்குறித்தனர். பழனியை அடுத்த பொருந்தலின் நெல் கி.மு. 490.

முல்லைக்குப் பின் மருதம் எனலாம். ஆயினும் ஒன்று முடிந்து ஒன்று தொடங்கியதன்று. நமக்கு அணித்தான கீழடியிலே ஆடுமாடுகளின் எலும்போடு காட்டுப்பன்றி, மான் எலும்பும் கிடைத்தன. ஏர் பூட்டிய ஊரிலும் வேட்டை ஓய்ந்திலது. இன்றும் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் உழவன், விளைநிலத்துக்குப் போகையில் காட்டுக்குப் போகிறேன் என்றுதானே சொல்கிறான்!

விதை முளைக்கும் என்பது வேட்டுவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கிழங்கு அகழ்ந்து, புல்லரிசி திரட்டிய பெண்டிர்க்கு அவனினும் தெரியும். தேவையின்மையால் விதைத்திலர். மழை குறைந்து காடு சுருங்கியபோது, சிறுமழைக்கே விளைந்து நெடுநாள் கெடாதிருக்கும் பயறு துணையாயிற்று. அதற்கு விலையும் கொடுத்தனர். உழவுக்கு மாறிய மாந்தர்க்கு உயரம் குறைந்ததையும் பற்சொத்தை மிகுந்ததையும் உலகின் பல இடங்களில் எலும்புகளே காட்டுகின்றன.

ஆதலின், வேட்டுவரைக் காட்டுமிராண்டி என்று நம்மவரே எழுதுவது எனக்கு ஒவ்வாது. சிறுமலையிலும் வருசநாட்டு மலையிலும் பளியர் வாழ்கின்றனர். எக்கொடியின் அடியில் எப்பருவத்திற் கிழங்கு முற்றும் என்று அறிந்தவர்; தேனெடுப்பவர். காட்டின்மேல் அவர்க்குள்ள உரிமையை ஒப்பும் சட்டம் 2006இல்தான் பிறந்தது. அவர் பேசுவதும் தமிழே. அடுத்த கூட்டத்திற்கு அவருள் முதியோர் ஒருவரை அழைத்து, அறிந்த கிழங்குகளின் பெயரையெல்லாம் சொல்லச் செய்யுங்கள். அகரமுதலி தொகுப்போர் எழுதுகோலோடு முன்வரிசையில் அமரட்டும்.