மது தொடாதோர்க்கும் வரும் கணைய நோய்

(ஜேடர்பாளையம் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணையம் கெடுவது குடிப்பவர்க்கே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மதுவை அறவே விலக்கிய குடும்பங்களில் இவ்வெண்ணம் இருவகையில் தீங்கு செய்கிறது. நமக்கு வாராது என்னும் மெத்தனம் ஒன்று. வந்தபின் ஊரார் என்ன நினைப்பரோ என்று மறைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் களைவதே இவ்வுரையின் நோக்கம்.

இரைப்பையின் பின்புறம் அமைந்த கணையம், உணவைச் செரிக்கும் நீரையும் இரத்தச் சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் சுரக்கிறது. தென்னிந்தியாவில் மது அருந்தாத இளையோரிடமும் காணப்படும் நாட்பட்ட கணைய அழற்சி ஒன்றுண்டு. அதனை 'வெப்பமண்டலக் கணைய அழற்சி' என்பர். இளமையில் அடிக்கடி வயிற்றுவலி, பின்னர்க் கணைய நாளத்தில் சுண்ணாம்புக் கற்கள், அதன்பின் நீரிழிவு என்பதே பெரும்பாலும் அதன் போக்கு. 1959இல் சூய்டெமா என்பார் இந்தோனேசியாவில் இதனை விவரித்தார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் இந்நோயாளர் பலரை ஆராய்ந்தார்.

மரவள்ளிக் கிழங்கே காரணமாகலாம் என்று முன்னர் ஐயுற்றனர். மரவள்ளி வயல்களும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த சேலம், நாமக்கல் பகுதியினராகிய நமக்கு இது கவனிக்கத்தக்கது. ஆனால், மரவள்ளி உண்ணாதாரிடமும் இந்நோய் காணப்பட்டது. கணையத்துள்ளேயே செரிமான நீர் முனைந்தெழாமல் தடுக்கும் 'ஸ்பிங்க்1' என்னும் மரபணுவின் மாற்றத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டனர். ஆதலின், கிழங்கை விலக்கும் நம் அடுக்களை வழக்கம் இந்நோய்க்குக் காப்பாகிவிடாது. நோயுற்றவர் எந்த ஒழுக்கத்திலும் தவறியவர் அல்லர்.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். சென்னையில் மருத்துவர்கள் விசுவநாதன், மோகன், சுரேஷ் சாரி முதலியோர் இந்நோயாளர் 185 பேரைச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் கண்காணித்து, 1994இல் முடிவை வெளியிட்டனர். அக்காலத்தில் இறந்த 24 பேருள் 6 பேர் கணையப் புற்றுநோயால் இறந்தனர். பிறரினும் ஏறத்தாழ நூறு மடங்கு இடர் என்று அவர்கள் கணக்கிட்டனர். சிறு குழுவின் கணக்கு இது. நோயாளர் பலர்க்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அஞ்சுதற்கன்று, விழித்திருத்தற்கே இவ்வெண்ணைக் கூறினேன்.

விழித்திருத்தல் எவ்வாறு? கணையக் கல் உள்ளவர் சர்க்கரைக்கு மட்டும் மாத்திரை பெற்று அமைதல் போதாது. இரைப்பை குடல் சிறப்பு மருத்துவரின் தொடர்ந்த பார்வையில் இருத்தல் வேண்டும். நெடுநாள் அடங்கியிருந்த வலி மீண்டும் எழுதல், சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் உடல் மெலிதல், மஞ்சள் காமாலை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே செல்ல வேண்டும். கற்களின் நிழல் கட்டியை மறைக்கக்கூடும். ஆதலின் பழைய ஸ்கேன் படங்களைப் பேணி வைத்து, புதியவற்றோடு ஒப்பிடச் செய்தல் நன்று. புகைப்பழக்கம் இருப்பின் இன்றே விடுக.

கற்கள் இல்லாதோரிலும் இடர் மிக்கவர் உளர். நெருங்கிய உறவினர் இருவர்க்குக் கணையப் புற்றுநோய் வந்த குடும்பத்தாரும், 'பி.ஆர்.சி.ஏ.2' போன்ற மரபணு மாற்றம் உடையோரும் அத்தகையோர். இவர்கட்கு 50 அகவை அளவில், அல்லது குடும்பத்தில் நோயுற்றவருள் மிக இளையவரின் அகவைக்குப் 10 ஆண்டு முன்னரே, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டு செய்வதை உலக வல்லுநர் பரிந்துரைக்கின்றனர். எல்லோர்க்கும் அன்று, இடர் மிக்கவர்க்கே இப்பரிசோதனை.

50ஐக் கடந்தபின் புதிதாக நீரிழிவு தோன்றி, உடனே எடையும் குறையுமாயின், மருத்துவரிடம் அதனைத் தனித்துச் சொல்லுக. அத்தகையோருள்ளும் மிகச் சிலர்க்கே புற்றுநோய் இருக்கும். எனினும் அச்சிலரை முன்னரே காண்பது உயிர்காக்கும் வாய்ப்பைத் தரும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில் உள்ளது. மேற்கொண்டு வேண்டுவோர் அங்கிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ பரிந்துரை பெறலாம். செல்லுமுன் ஒன்று செய்க: பாட்டன், பாட்டி தொடங்கி, யார் யார்க்கு எந்த அகவையில் என்ன நோய் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதுக. நம் குடும்பங்கள் வம்ச வழியை நன்கு நினைவில் கொண்டவை. நோய் வழியையும் அவ்வாறே மறையாது எழுதிவைத்தால், பிள்ளைகட்கு அது பெருந்துணையாகும்.