சுவருக்குச் சாரம் வேண்டும்

சுவரில் படம் வரைவது என் தொழில். அதைப் பற்றியே பேசுகிறேன்.

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில், விடுமுறை விட்டால் இந்தச் செட்டிநாட்டுப் பக்கம் வந்துவிடுவேன். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றித் தரை ஓடு செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். என் ஆசிரியர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். அது கிடக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "இனி வீட்டோடு சின்னதாக வரையுங்கள்" என்றார்கள். அப்போது எனக்கு நினைவில் வந்தவர் வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி.

1904இல் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதில் கடும் கிட்டப்பார்வை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு 1946-47இல் சாந்திநிகேதன் இந்தி பவனச் சுவர்களில் பக்தி இயக்க அடியார்களை வரைந்தார். நம் ராமானுஜரும் அதில் இருக்கிறார். உதவிக்கு நின்ற மாணவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த கே.ஜி. சுப்பிரமணியன்.

1957இல் கண் அறுவைச் சிகிச்சை பலிக்காமல் மிச்சப் பார்வையும் போயிற்று. அப்போது வயது 53. அவர் மெழுகில் உருவம் பிடித்தார். தாளை மடித்து வெட்டினார். மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1972இல் சாந்திநிகேதனின் கலாபவனச் சுவரில் பீங்கான் ஓடுகளால் மீண்டும் ஒரு பெரிய சுவரோவியத்தை அமைத்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

இந்தக் கதையைக் கேட்டதும் "என்ன தன்னம்பிக்கை!" என்று கைதட்டுவோம். எனக்கு அது போதாது. அவர் தூரிகையை விட்டுப் பீங்கான் ஓடுகளுக்கு மாறினார். கூட வேலை செய்யக் கைகள் இருந்தன. இருபதடிச் சுவருக்கு எந்த ஓவியனின் உயரமும் போதாது. எல்லோரும் சாரம் கட்டித்தான் ஏறுகிறோம். அதை யாரும் சலுகை என்பதில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டால் மட்டும் அது சலுகையாகிவிடுகிறது! இன்று நான் சுவரின் கீழ்ப்பகுதியை ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் வரைகிறேன். மேல்பகுதியை நான் சொல்லச் சொல்ல மாணவர்கள் வரைகிறார்கள். ஓவியம் என்னுடையதுதான்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் அவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்குகிறது. இடம் கிடைத்தவர் வகுப்பறைக்கு எப்படி ஏறுவார்? நம் செட்டிநாட்டு வீடுகளின் படிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் கட்டடம் கட்டப்போகிறவர்கள் முதல் வரைபடத்திலேயே சாய்தளத்தைப் போடுங்கள். அதிகாரியாகிறவர்கள் அது இல்லாத வரைபடத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் உடம்பே ஒருநாள் மாறினால் வேலை செய்யும் முறையை மாற்றுங்கள், வேலையை விடாதீர்கள்.