குப்பை மடலைப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பது யார்?

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் உயிலங்குளத்து வீடுகளிலும் இன்று கைபேசியில் மின்னஞ்சல் வருகிறது. பிள்ளையின் பல்கலைக்கழகக் கடிதமும் வரும். கோடிப் பரிசு விழுந்ததென்ற பொய்யும் வரும்.

முன்பு பொறியாளர்கள் இன்ன சொல் இருந்தால் தடு என்று விதி எழுதி, இப்படியான குப்பை மடல்களை, அதாவது ஸ்பாமைத் தடுத்தார்கள். ஏமாற்றுகிறவர்கள் அந்தச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றித் தப்பினார்கள். 1998இல் மெஹ்ரான் சகாமியும் சக ஆய்வாளர்களும் வேறு வழி காட்டினார்கள். 2002இல் நிரலாளர் போல் கிரஹாம் எழுதிய கட்டுரை அதைப் பரப்பியது. அந்த வழி, நல்ல மடல்களையும் குப்பை மடல்களையும் கணினியிடம் கொடுத்துவிடுவது. எந்தச் சொல் எந்தப் பக்கம் எத்தனை தடவை வருகிறதென்று அதுவே எண்ணும். புது மடல் வந்ததும், அதிலுள்ள சொற்களை வைத்து அது குப்பையாக இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும். அடிப்படை, 18ஆம் நூற்றாண்டின் தோமஸ் பேய்ஸ் தந்த கணிதம். இன்றைய வடிகட்டிகள் அனுப்புநரின் முகவரியையும் இணைப்புகளையும் சேர்த்தே பார்க்கின்றன.

இந்த வடிகட்டிகளுக்குப் பாடம் சொல்பவர்கள் நாங்கள்தான். 'ஸ்பாம்' என்று அமத்தினால் ஒரு பாடம். 'ஸ்பாம் அல்ல' என்று மீட்டால் இன்னொரு பாடம். இரண்டாவதைப் பலர் செய்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. எண்ணிப் படிக்கும் கருவிக்குக் காணாத சொல் தெரியாது. தமிழ்ச் சொற்களை அது குறைவாகவே கண்டிருக்கலாம். ஆகவே தமிழ் மடல்களுக்கு எங்கள் திருத்தம் மிகவும் தேவை. நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்றைக்கே ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கோ. அங்குள்ள இணைப்புகளை மட்டும் தொடவேண்டாம்.