ஜாமீன் கையெழுத்து யார் போடுவது?



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "குற்றம் பெருகிப்போச்சு, பிடித்து உள்ளே போடுங்கள்" என்று முழங்கினார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவன்மேல் கோபம் வராமல் வேறென்ன வரும்? நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. உள்ளே போனவன் ஒருநாள் வெளியே வருவானே, அப்போது யாருடைய ஆளாக வருவான்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைச் சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு வழக்கே முடியவில்லை, ஐயா! ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வெளியே வர வழியில்லாமல் கிடப்பவர்களும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயது. செல்போன் திருட்டு, முதல் வழக்கு. இரண்டு பேர் தலா பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவாகிறது. அம்மா நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். அவள் நிற்கிறாள். இன்னொருவருக்கு எங்கே போவாள்? வாடகை வீடு, வீட்டு வரி ரசீது கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்கிறாள். "நாளைக்கு அவன் வாய்தாவுக்கு வரலைன்னா என் தலைதானேம்மா உருளும்?" என்று கதவு சாத்தப்படுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? மனுப் போட்டுப் பார்க்க ஆள் வராதவன் யார் என்பது சில நாளிலேயே பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு 'அண்ணன்' கூப்பிட்டு சோப்பு கொடுப்பார், பிஸ்கட் கொடுப்பார். அவர் பேரைச் சொன்னால் யாரும் கை வைக்க மாட்டார்கள். பத்து நாளில் அண்ணனுடைய வக்கீல் வருவார், ஜாமீன்தாரர் வருவார், பையன் வெளியே வந்துவிடுவான். அவன் இப்போது யாருக்குக் கடன்பட்டவன்? உங்களுக்கா? நீதிமன்றத்துக்கா? பிறகு ஒருநாள் போன் வரும்: "தம்பி, ஒரு வண்டி ஓட்டணும்." முடியாது என்று அவனால் சொல்ல முடியுமா?

இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பிரேசிலைப் பாருங்கள். சாவோ பாவ்லோவின் கராந்திரு சிறையில் 1992-இல் போலீஸ் புகுந்தபோது 111 கைதிகள் செத்தார்கள். மறு ஆண்டு தவ்பாத்தே சிறைக்குள்ளேயே 'பி.சி.சி.' என்ற கும்பல் உருவானது. கைதிக்கு வக்கீல், பார்க்க வரும் குடும்பத்துக்குப் பேருந்து என்று அரசு கைவிட்டதையெல்லாம் அந்தக் கும்பல் செய்து கொடுத்தது. இன்று கண்டம் தாண்டிப் போதைப்பொருள் கடத்துகிறது.

நம் சிறைகளில் இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த விஷயம் உச்ச நீதிமன்றத்தின் 2024 அக்டோபர் தீர்ப்பிலேயே பேசப்பட்டது. அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்தத் தீர்ப்பு சிறைச் சாதிப் பாகுபாட்டை அடித்து நொறுக்கியது. அடிதடி வழக்கில் போன இளைஞனை அவன் சாதிக்காரர்களோடு மட்டும் அடைத்து வைத்தால், பழிக்குப் பழி என்பதைத் தவிர அவன் காதில் வேறென்ன விழும்?

"திருடனுக்குப் பரிந்து பேசுகிறாயா?" என்று கேட்பீர்கள். பறிகொடுத்தவர்களுக்காகத்தான் பேசுகிறேன். இன்று செல்போனை எடுத்தவன் நாளை கத்தியோடு வந்தால், நிற்கப்போவது உங்கள் வீட்டு வாசலில்!

ஜாமீன் நிற்க ஆளில்லாத ஏழையை என்ன செய்வது என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே போனது. அங்கே நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யர் 1948-இல் தாமே சிறையில் இருந்தவர். 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு அவர் முன் வந்தது. ஏழைக் கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டிருந்தார்கள். கூடப்பிறந்த சகோதரர் ஜாமீன் நிற்க வந்தால், வெளிமாவட்டம் என்று தள்ளிவிட்டார்கள். கிருஷ்ணய்யர் தொகையை ஆயிரமாகக் குறைத்தார், சொந்த ஜாமீனிலேயே விடச் சொன்னார். ஆண்டுகள் எத்தனை ஓடிவிட்டன! அதே கேள்வி இன்னும் நீதிமன்ற வாசலில் நிற்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவுப்படி, முதல்முறை சிக்கியவன் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விட வேண்டும். மூன்றாண்டுத் தண்டனைக்குரிய திருட்டுக்கு அது ஓராண்டு. அண்ணனுக்குப் பத்து நாள் போதும், அரசுக்கு ஓராண்டா? அதிலும் ஒன்றுக்கு இரண்டாக வழக்குப் போட்டுவிட்டால் அந்தச் சலுகையும் போச்சு. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்தில் ஆள் வெளிவராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏழைக் கைதியின் ஜாமீனுக்கு நாற்பதாயிரம் ரூபாய் வரை கொடுக்க மத்திய அரசின் திட்டமும் அதே ஆண்டு வந்தது.

வழக்கறிஞர் தோழர்களே, மாதம் ஒருமுறை சிறைக்குப் போய், ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடப்பவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மனுப் போடுங்கள். தாய்மார்களே, உங்கள் தெருப் பையன் யாராவது அப்படி உள்ளே இருந்தால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். சொந்த வீடு உள்ளவர்களே, வரி ரசீதை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அண்ணன் ஆள் அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சேருங்கள்!